எதிர்ப்பு சக்தி குறைவு என்று நம்பி நான் தொலைத்த இரண்டு வருடம்

களக்காட்டுப் பக்கம் வாழைத்தார் கமிஷன் வியாபாரம் செய்கிறேன். ஏத்தன் தார் வெட்டி, லோடு ஏற்றி, கேரளத்துக்கு அனுப்புவது என் வேலை. வயது 46. குடியால் வந்த நாள்பட்ட கணைய அழற்சி, அதாவது கணையத்தில் ஆறாத வீக்கம், எனக்கு இருக்கிறது என்று 2022 தை மாதம்தான் தெரிந்தது. வலி ஆரம்பித்தது 2018 தீபாவளிக்கு. நடுவில் நான் அலைந்த அலைச்சலையும், தப்புத் தப்பாகப் புரிந்துகொண்டு கொட்டிய பணத்தையும் நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. யாராவது ஒருத்தர் அப்போதே உட்காரவைத்து விவரமாகச் சொல்லியிருந்தால் பாதியாவது தப்பித்திருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

குடியை மறைத்து எழுதினால் இதற்கு அர்த்தமே இல்லை. பன்னிரண்டு வருடம் குடித்தேன். லோடு போனதும் கணக்கு முடித்து, வியாபாரிகளோடு உட்காருவது. ஆரம்பத்தில் வாரம் இரண்டு நாள். அப்புறம் தினமும் ஒரு குவார்ட்டர், சந்தை நாளில் இரண்டு. தெருவில் விழுந்து கிடந்ததில்லை, வீட்டில் கை நீட்டியதில்லை. காலை நாலு மணிக்கு வயலில் இருப்பேன். அதனால் நான் குடிகாரன் இல்லை என்றே நம்பினேன். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. 42.8 சதவீதச் சரக்கு என்றால் அதில் சுத்தமான சாராயம் மட்டும் ஏறக்குறைய 60 கிராம். தினமும் அந்த அளவைப் பல வருடம் கணையத்தின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்பதை டாக்டர் கணக்குப் போட்டுக் காட்டியபோதுதான் உறைத்தது. கூடவே தினம் ஒரு பாக்கெட் சிகரெட். அது தனிக் குற்றவாளி. பின்னால் சொல்கிறேன்.

2018 தீபாவளிக்கு மறுநாள் காலை மேல்வயிற்றில் கத்தி சொருகியது போல ஒரு வலி. அது நேராக முதுகுக்குப் பாய்ந்தது. படுத்தால் கூடுகிறது, முன்னால் குனிந்து தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கொஞ்சம் குறைகிறது. இந்த இரண்டு அடையாளத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வாயு என்றேன், வீட்டில் நெஞ்சுவலியோ என்று பயந்தார்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள், 32,000 ரூபாய். கணையத்தில் வீக்கம் என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, நின்றுகொண்டே, 'இனிமே குடிக்காதீங்க' என்று ஒரு வரி. அவ்வளவுதான். ஏன் குடிக்கக் கூடாது, குடித்தால் உள்ளே என்ன ஆகும், எத்தனை நாளைக்கு, ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று மாதம் விட்டேன். வலி போய்விட்டது, அப்படியானால் குணமாகிவிட்டது என்று நினைத்து பீரில் ஆரம்பித்தேன். பீர் குளிர்ச்சி, வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். கணையத்துக்குப் பீர், பிராந்தி, கள்ளு என்ற வித்தியாசம் கிடையாது. உள்ளே போகிற சாராயத்தின் அளவுதான் கணக்கு.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கடைகளை மூடிவிட்டார்கள். முதல் நாலு நாள் கை நடுக்கம், வியர்வை, தூக்கமே இல்லை. கொரோனாதான் வந்துவிட்டது என்று தனி அறையில் படுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் எங்கே பார்த்தாலும் எதிர்ப்பு சக்தி என்ற பேச்சு. மச்சினன் ஒரு டப்பா பொடி வாங்கிவந்து, "அத்தான், உங்களுக்கு எதிர்ப்பு சக்தி கொறைஞ்சு போச்சு, அதான் அடிக்கடி படுத்துக்கிடுதீய. இதைக் காலையும் ராத்திரியும் பாலில் கலந்து குடிங்க" என்றான். பாசத்தில்தான் சொன்னான். குடித்தேன். ஏப்ரல் முழுக்க வலியே இல்லை! பசி எடுத்தது, முகம் தெளிந்தது. பொடி வேலை செய்கிறது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. மே மாதம் கடை திறந்ததும் பழையபடி மாலையில் உட்கார்ந்தேன், ஜூனில் வலி திரும்பியது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? கடை மூடியிருந்தபோது வலி இல்லை, திறந்ததும் வந்துவிட்டது என்று கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். தினமும் சிட்டை எழுதிக் கணக்குப் பார்க்கிற எனக்கு அந்தக் கணக்கு வரவில்லை. பொடியின் அளவு போதவில்லை என்று இரண்டு டப்பாவாகக் கூட்டினேன்.

அப்படியே இரண்டு வருடம் ஓடியது. பொடி, டானிக், புரோட்டீன் மாவு, யாரோ சொன்ன லேகியம் எல்லாம் சேர்த்து 58,000 ரூபாய் என்று என் சிட்டையிலேயே இருக்கிறது. நடுநடுவே வலி தாங்காமல் போன இடங்களில் எண்டோஸ்கோப்பி இரண்டு முறை எடுத்தார்கள். இரைப்பை நன்றாக இருக்கிறது என்றார்கள். வயிற்று ஸ்கேனில் வாயு மறைத்ததால் கணையம் சரியாகத் தெரியவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தது. அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கணையம் சுரக்கிற அமைலேஸ் என்ற என்சைம் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்தார்கள், அளவோடு இருந்தது. இதை நன்றாகக் கவனியுங்கள்: நோய் நாள்பட்டுப் போனால் அமைலேஸும், அதே மாதிரி இன்னொரு என்சைமான லைபேஸும் ஏறாமலே இருக்கலாம். சுரக்க வேண்டிய திசுவே குறைந்துபோயிருக்கும். ரிப்போர்ட் அளவோடு இருக்கிறது என்பதற்காகக் கணையம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. எந்த டாக்டரிடமும் நான் குடிக்கிற அளவை உள்ளபடி சொல்லவில்லை என்பதும் உண்மை. 'எப்பவாச்சும்' என்பேன். மனைவி பக்கத்தில் இருப்பாள், அவளும் தலையைக் குனிந்துகொள்வாள். அந்த ஒரு வார்த்தையால் எனக்கு நேர்ந்த நஷ்டம் கொஞ்சநஞ்சம் இல்லை.

2022 தை மாதம் அக்கா மகள் கல்யாணம். மறுவீட்டு விருந்துக்குச் சொதி. எங்கள் பக்கத்தில் சொதி இல்லாமல் மாப்பிள்ளை விருந்து கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். தேங்காய்ப்பால் முதல் பால் ஊற்றி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ் வைத்துச் சாப்பிட்டேன். அன்று குடிக்கவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு வலி வந்தது. விடியும்வரை மண்டபத்துக் கொல்லையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் நெஞ்சைச் சாய்த்துக் குனிந்தபடியே இருந்தேன். காலையில் கழிவறைக்குப் போனபோது பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மலம் வெளிறிப்போய் தண்ணீர் மேல் மிதந்தது. அதைச் சுற்றி ஆறிப்போன சால்னாவில் படிகிற மாதிரி எண்ணெய்ப் படலம். இரண்டு வாளி ஊற்றியும் போகவில்லை. யோசித்துப் பார்த்தால் ஒரு வருடமாகவே கொஞ்சம் கொஞ்சமாக இப்படித்தான் இருந்திருக்கிறது. இதைப் போய் யாரிடம் சொல்வது என்று விட்டுவிட்டேன். சொல்லுங்கள். கூச்சப்படாமல் சொல்லுங்கள். சாப்பிட்ட கொழுப்பு செரிக்காமல் அப்படியே வெளியே போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. 76 கிலோவாக இருந்தவன் அப்போது 53 கிலோ.

அந்த வாரமே பாளையங்கோட்டையில் குடல் நோய் டாக்டர் ஒருத்தரைப் பார்த்தேன். இந்த முறை மனைவி முந்திக்கொண்டாள். "டாக்டர், தினமும் குடிக்காங்க. பன்னெண்டு வருஷமா குடிக்காங்க. இவுங்க சொல்ல மாட்டாங்க, நான் சொல்லுதேன்" என்றாள். அவள் குரல் நடுங்கியது. எனக்கு அவமானமாகவும் இருந்தது, நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போலவும் இருந்தது. அவர் உடனே சிடி ஸ்கேன் எழுதினார். படத்தில் கணையம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கல் உப்பு தூவிய மாதிரி புள்ளிகள். அதெல்லாம் சுண்ணாம்புக் கல் என்றார். நடுவில் ஓடுகிற குழாய் அடைபட்டு வீங்கியிருந்தது. சர்க்கரை பார்த்தார்கள், 290.

நான் என் பையில் இருந்த பொடி டப்பாவை எடுத்து வைத்து, "எனக்கு எதிர்ப்பு சக்தி ரொம்பக் கொறைவு டாக்டர், அதுக்கு இன்னும் நல்லதா ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டுப் பேனாவால் ஒரு படம் வரைந்தார். "கொறைவு இல்ல அண்ணாச்சி. உங்க எதிர்ப்பு சக்தி மூணு வருஷத்துக்கு மேலா கணையத்துக்குள்ள ஓயாம வேலை செஞ்சுக்கிட்டிருக்கு. அதுதான் உங்க நோயே" என்றார். அன்று அரை மணி நேரம் அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன்.

கணையம் செரிமான நீரைச் செய்கிற உறுப்பு. இறைச்சியையே கரைக்கிற வீரியம் அந்த நீருக்கு. அதனால் கணையத்துக்குள் இருக்கும்வரை அது தூங்குகிற நிலையில்தான் இருக்கும். சிறுகுடலுக்குப் போன பிறகுதான் விழிக்கும். சாராயமும் அது உடைந்து உண்டாகிற நச்சுகளும் அந்தச் செல்களைக் கெடுத்து, உள்ளேயே அதை விழிக்க வைத்துவிடுகின்றன. செல் தன்னையே கரைத்துக்கொண்டு சாகிறது. செத்த செல்லிலிருந்து சிந்துகிற பொருள்கள் உடம்புக்கு அபாய மணி மாதிரி. கிருமி எதுவும் இல்லாமலே வெள்ளை அணுக்கள் படையெடுத்து வருகின்றன. முதலில் நியூட்ரோஃபில்கள் வந்து கண்ணில் பட்டதையெல்லாம் தாக்கும். அதில் நல்ல செல்களும் சேதமாகும். பின்னாலேயே மேக்ரோஃபேஜ் என்ற பெரிய அணுக்கள் வந்து குப்பையைத் தின்று சுத்தம் செய்யும். ஒரு தடவை என்றால் இதோடு ஆறிவிடும். ஆனால் தினமும் ஊற்றினால்?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. சுத்தம் செய்ய வந்த மேக்ரோஃபேஜ்கள் 'புண்ணை மூடு' என்று ஒரு ரசாயனச் செய்தி அனுப்புகின்றன. கணையத்துக்குள் ஸ்டெல்லேட் செல் என்று ஒரு வகை உண்டு. சாதாரணமாக வைட்டமின் ஏ-யைச் சேர்த்து வைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்து ஆராய ஆரம்பித்ததே 1998-இல்தான். மேக்ரோஃபேஜ் அனுப்பிய செய்தி கிடைத்ததும் அந்தச் செல்கள் உருமாறி, கொலாஜன் என்ற நாரை நெய்ய ஆரம்பிக்கின்றன. தழும்பு என்பது அந்த நார்தான். அவர் என்னிடம், "தார் சுமக்கிற ஆளோட தோளைப் பார்த்திருப்பீயளே" என்றார். பார்க்காமலா. முதல் வாரம் தோல் உரியும், ரத்தம் வரும். வருடம் போனால் காய்த்துத் தடித்து, குத்தினாலும் தெரியாது. தோள் காய்த்தால் சுமக்கலாம். கணையம் காய்த்துப் போனால் அந்த இடத்தில் செரிமான நீரும் சுரக்காது, இன்சுலினும் சுரக்காது. எனக்குச் சர்க்கரை வந்ததும், மலத்தில் எண்ணெய் மிதந்ததும் அதனால்தான்.

இன்னொன்றும் சொன்னார். சாராயம் குடலின் உட்சுவரையும் தளர்த்திவிடும். குடலில் இருக்கிற பாக்டீரியாவின் துணுக்குகள் அந்த இடுக்கு வழியாக ரத்தத்தில் கலந்துவிடும். எதிர்ப்பு அணுக்களுக்கு அது கிருமி வந்ததற்கான அடையாளம். ஸ்டெல்லேட் செல்களையும் அது நேராகவே தூண்டும். ஆக ஏற்கெனவே உசுப்பேறிக் கிடக்கிற கணையத்துக்கு ஒரு பீரே போதும். 'கொஞ்சமாகக் குடித்தால் என்ன' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். சிகரெட்டும் தனியாகவே கணையத்தைக் கெடுக்கும், இரண்டும் சேர்ந்தால் வேகம் கூடும். குடியை விட்டுவிட்டு, ஆறுதலுக்கு என்று சிகரெட்டைக் கூட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. அதைச் செய்யாதீர்கள்.

என்னைவிட இரண்டு மடங்கு குடிக்கிற கூட்டாளி கல் மாதிரி இருக்கிறானே, எனக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன். அந்தக் கேள்வியில் என் கோபம் எல்லாம் இருந்தது. பெருங்குடிகாரர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்குக் குறைவாகத்தான் இந்த நோய் வருகிறது, பிறவியிலேயே வருகிற மரபணு வித்தியாசமும் சிகரெட்டும் அதில் சேர்கின்றன என்றார். அந்தக் கூட்டாளிக்குக் கணையம் தப்பினால் கல்லீரல் இருக்கிறது, அது வேறு விஷயம். சரி, அந்த எதிர்ப்பு சக்தியை அடக்க மருந்து கொடுத்துவிடுங்களேன் என்றேன். எதிர்ப்பு மண்டலம் தன் கணையத்தையே எதிரியாக நினைத்துத் தாக்குகிற வேறொரு வகை கணைய அழற்சி உண்டு, அதற்கு ஸ்டீராய்டு நன்றாகக் கேட்கும். என்னுடையது அது இல்லை. இதில் அந்த அணுக்கள்தான் நாசமும் செய்கின்றன, ஆற்றவும் செய்கின்றன. ஒன்றை மட்டும் பிடித்து நிறுத்த நம்பகமான மருந்து இன்னும் கையில் இல்லை. ஆராய்ச்சி நடக்கிறது. அதுவரை அபாய மணியை அடிக்காமல் இருப்பதுதான் வைத்தியம். குடியையும் சிகரெட்டையும் நிறுத்தினால் ஸ்டெல்லேட் செல்கள் அடங்குவதற்கு வாய்ப்பு உண்டு. விழுந்த தழும்பும் கல்லும் மறையாது; மேலும் விழுவதைத் தடுக்கலாம். 2018-இலேயே இதை யாராவது வரைந்து காட்டியிருந்தால் நான் பீரைத் தொட்டிருக்க மாட்டேன் என்று இன்றும் நம்புகிறேன்.

நிறுத்தும்போது ஒரு எச்சரிக்கை. தினமும் குடிக்கிறவர்கள் கோபத்தில், சபதம் போட்டு, வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். ஊரடங்கில் எனக்கு வந்த நடுக்கம் அதுதான். இரண்டாவது தடவை டாக்டர் என்னை ஐந்து நாள் படுக்கவைத்து, மாத்திரையும் தயமின் என்ற வைட்டமின் ஊசியும் போட்டு நிறுத்தினார். மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் பூரான் ஊர்வதாகக் கத்தியிருக்கிறேன். சிலருக்கு வலிப்பு வரும், உயிரே போகும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் கேளுங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். வெட்கம் என்று ஒன்றும் இல்லை.

மதுரையில் எண்டோஸ்கோப்பி வழியாகக் கணையக் குழாயில் இருந்த கல்லை எடுத்து, வழி அடைபடாமல் இருக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை வைத்தார்கள். அங்கே தங்கியது, போய்வந்தது எல்லாம் சேர்த்து 1,40,000. அந்தப் பருவத்து வியாபாரம் கைவிட்டுப் போனது. அரசு காப்பீட்டு அட்டை வீட்டில் இருந்தும், எதற்கு வரும் எதற்கு வராது என்று ஒரு வார்த்தை கேட்காமல் நகையை வைத்தேன். நீங்கள் முதல் நாளே அட்டையோடு போய்க் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். வலி பாதிக்கு மேல் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. குடியை விட்டும் வலிக்கிறதே என்று மனம் உடைந்த நாள்கள் உண்டு. கணையத்து நரம்புகளைச் சுற்றியும் அந்த எதிர்ப்பு அணுக்கள் கூடியிருந்து நரம்பையே கெடுத்திருக்கும், அது அடங்க நாளாகும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஆறுதல். வலிக்கிறது என்பதற்காக விட்டதைத் திரும்பத் தொட்டுவிடாதீர்கள்.

இப்போது சாப்பாட்டோடு என்சைம் மாத்திரை. 25,000 யூனிட், பெரிய சாப்பாட்டுக்கு இரண்டு. முதல் வாயோடு ஒன்று, நடுவில் ஒன்று. நான் முதல் மாதம் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், வெறும் வயிற்றில் போட்டு வீணாக்கினேன். சோற்றோடு கலந்தால்தான் அது வேலை செய்யும். வெயிலில் கெட்டுப் போகும், வண்டி டேஷ்போர்டில் போட்டு வைக்காதீர்கள். அந்த மருந்து பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது. ஒத்துவராதவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள். மாதம் எட்டாயிரம் பக்கம் ஆகிறது. பயத்தில் எண்ணெயே இல்லாமல் கஞ்சி மட்டும் குடித்ததும் என் தப்பு, இளைத்ததில் பாதி அதனால். மாத்திரையோடு, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை, எல்லாமே சாப்பிடலாம் என்றார்கள். இப்போது 64 கிலோ. இன்சுலின் போடுகிறேன். இந்த வகைச் சர்க்கரையில் திடீரென்று இறங்கிவிடும் ஆபத்து கூடுதல், ஏனென்றால் சர்க்கரையை ஏற்றுகிற ஹார்மோனும் அதே கணையத்தில்தான் சுரக்கிறது. அதனால் சட்டைப் பையில் குளுக்கோஸ் இல்லாமல் வயலுக்குப் போவதில்லை. கணையப் புற்றுக்கான வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம், எடை காரணமில்லாமல் குறைந்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் லோடு ஏற்றுகிற பையன் ஒருத்தன், 28 வயது இருக்கும், தார்க் கட்டின் மேல் கையை ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். "என்னல செய்யுது?" என்றேன். "வாயு அண்ணாச்சி, முதுகு வரைக்கும் பிடிக்கு" என்றான். எத்தனை நாளாக என்றால், தீபாவளியிலிருந்து என்றான். எவ்வளவு குடிப்பாய் என்று கேட்டதற்கு, "எப்பவாச்சும்" என்றான். நான் என் சிடி படத்தை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லி, வெளிச்சத்தில் பிடித்து அந்த வெள்ளைப் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "தினமும் ஒரு கோட்டர், அண்ணாச்சி" என்றான். திங்கட்கிழமை காலை அவனைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டை போகிறேன்.